'ன்' போய் 'ஷ்' வந்த கதை

தமிழ்நாட்டில் பல இந்துக் குடும்பங்களில் குழந்தைப் பெயரின் முதல் எழுத்து அப்பா அம்மா கையில் இல்லை. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. அசுவினியில் பிறந்த பிள்ளை என்றால் சு, சே, சோ, லா என்று ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அடுத்து நியூமராலஜிக்காரர். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் ஒரு 'ஏ' கூட்டி, ஒரு 'ஹெச்' சொருகி, கூட்டுத்தொகையைச் சரிக்கட்டிக் கொடுப்பார். தாத்தா பெயரையும் குலசாமி பெயரையும் காதில் மூன்று தரம் சொல்லி முடித்துக்கொள்ளலாம், சர்டிபிகேட்டில் வர வேண்டியதில்லை. இத்தனை பேர் கைவைத்த பிறகு பெற்றவர்களுக்கென்று மிஞ்சுவது கடைசி எழுத்துதான்.

அந்தக் கடைசி எழுத்து, பையன்களைப் பொறுத்தவரை, ரொம்ப வருஷமாகவே 'ஷ்'. சுரேஷ், ரமேஷ் எல்லாம் இப்போது அங்கிள்கள். லோகேஷ், ஜெகதீஷ், ஹரிஷ் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது பால்வாடியில் இருப்பது ரித்திஷ், மோனிஷ், அனிஷ், தர்ஷ், கிரிஷ், ரியான்ஷ். "யாருமே வைக்காத பேரா இருக்கணும், ஆனா 'ஷ்'ல முடியணும்" என்று தேடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வாக்கியத்தின் முதல் பாதியை இரண்டாம் பாதியே கவிழ்த்துவிடுகிறது என்று சொல்லி நாம் சிரித்தும் இருப்போம்.

இலக்கியம் படிக்கிற நம் வட்டாரத்தில் இந்தப் பெயர்களுக்கு இதுவரை கிடைத்திருக்கும் ஒரே விமர்சனம் அந்தச் சிரிப்புதான். அர்த்தமில்லாத பெயர், வடநாட்டுப் பெயர், வாயில் நுழையாத பெயர், சீரியல் பெயர். எனக்கு அது போதவில்லை. பெரும்பாலான குடும்பங்கள் தம் வாழ்நாளில் சேர்ந்து எழுதும் ஒரே படைப்பு பிள்ளையின் பெயர். நாலு எழுத்துக் கவிதை மாதிரி. யோசித்து, அடித்து, திருத்தி, சண்டை போட்டு எழுதுகிறார்கள். அதைப் படிக்காமலேயே சிரித்தால் எப்படி?

அதனால் ஒரு கவிதையின் கடைசிச் சொல்லைப் பார்ப்பதுபோல இந்தக் கடைசி எழுத்தைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல், தமிழ்ச் சொல்லின் கடைசியில் எந்தெந்த எழுத்து வரலாம் என்று கணக்கு வைத்திருக்கிறது. உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1, மொத்தம் 24. அந்த 11 மெய்யும் மெல்லினம், இடையினம் மட்டும். க், ச், ட், த், ப், ற் ஆறுக்கும் கடைசி இடத்தில் அனுமதி இல்லை. 'ஷ்' இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. அது கிரந்த எழுத்து. ஆக ரித்திஷ் என்ற பெயர் விதியை இரண்டு தடவை மீறுகிறது: தமிழில் இல்லாத எழுத்து, அதுவும் மெய்யாக, அதுவும் வாசலில் வந்து நிற்கிறது. (நடுவில் இருந்தால் நமக்குப் பிரச்சினையே இல்லை. தனுஷ்கோடி என்று பெயர் வைத்த தாத்தாக்கள் ராமநாதபுரம் பக்கம் நிறைய உண்டு. தனுஷ் என்று வெட்டி நிறுத்தும்போதுதான் புதுசாகிறது.)

ஆனால் வாய் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பதில்லை. பாட்டி "ரித்தீசு" என்றுதான் கூப்பிடுகிறாள். பஸ் பஸ்ஸு ஆவதும், கார் காரு ஆவதும், கார்த்திக் "கார்த்திக்கு வந்தானா?" ஆவதும் அதே வழக்கம்தான். மெய்யில் முடியும் வெளிச்சொல்லுக்குக் கடைசியில் ஒரு சின்ன உகரத்தைச் சேர்த்து உள்ளே கூட்டிக்கொள்வது. இது படிக்காத பாட்டியின் கொச்சை என்று நினைத்தால், கம்பனைப் பாருங்கள். இந்திரஜித்தை இந்திரசித்து ஆக்கியவன் அவன். தமிழ் பைபிளைப் பாருங்கள்: தாவீது, யாக்கோபு, ஈசாக்கு, யோசேப்பு. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரே உமர் என்று நிற்காமல் உமறு என்று ஆனது. ராமாயணமும் விவிலியமும் இஸ்லாமும் தமிழுக்குள் வந்தபோது நடந்த அதே வேலையைத்தான் பாட்டி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு செய்கிறாள்.

வெளியிலிருந்து பெயர் வருவது தமிழுக்கு எப்போதுமே ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. சொல்லப்போனால், கடைசி எழுத்து 'ன்' என்று இருந்துவிட்டால் எந்த ஊர்ப் பெயரும் இங்கே உள்ளூர்ப் பெயர்தான். லெனின், ஸ்டாலின், எடிசன், நெல்சன். கன்னியாகுமரி மாவட்டத்தில் எடிசனும் வில்சனும் பக்கத்து வீட்டு அண்ணன்கள். 1953 மார்ச் 1 அன்று பிறந்த ஒரு பிள்ளைக்குச் சோவியத் தலைவரின் பெயரை வைத்தார்கள். அந்தத் தலைவர் நாலே நாளில் இறந்துபோனார். ஆனால் பெயர் தமிழ்நாட்டில் முதலமைச்சர் நாற்காலி வரை வந்தது. ரஷ்ய மொழியில் எஃகு என்ற சொல்லிலிருந்து செய்த அந்தப் பெயரை மேடையில் கூவும்போது யாருக்கும் நாக்கு இடறவில்லை, 'ன்' இருந்ததால்.

அப்படியென்றால் இன்றைய பெற்றோர் விட்டுவிட்டது தமிழை என்று சொல்வதைவிட 'ன்'னை என்று சொல்வதுதான் சரி. ஏன் விட்டார்கள்?

*

'ன்' என்ன செய்யும் எழுத்து என்று பார்க்க வேண்டும்.

முதலில், அது கூப்பிட வசதியானது. பெயர் என்பது எழுதுவதற்கு முன்னால் கூப்பிடுவதற்காக ஏற்பட்டது. தொல்காப்பியம் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் வைத்திருக்கிறது. கண்ணன் கண்ணா ஆவான், முருகன் முருகா ஆவான். 'ன்' தானாக விலகிக்கொண்டு 'ஆ'வுக்கு இடம் கொடுக்கும். வயலுக்கு அந்தக் கரையில் நிற்பவனுக்கும், கோயிலில் உள்ளே இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி வாயை முழுசாகத் திறந்து நீட்டலாம். 'ஷ்'ஷில் முடியும் பெயரை அப்படி நீட்ட முடியாது. "ரித்திஷ்ஷ்ஷ்" என்று கத்திப் பாருங்கள், காற்றுதான் வரும். அதனால்தான் அந்தப் பையன்கள் எல்லாருக்கும் வீட்டில் ரித்து, ஹரி, மோனி, தம்பு என்று உயிரில் முடியும் இன்னொரு பெயர் இருக்கிறது. சர்டிபிகேட்டில் இருப்பது மைக்கில் வாசிக்க, அட்டெண்டன்ஸில் எழுத. கூப்பிட வேறு.

இரண்டாவது, அது ஆண்பால் விகுதி. அவன், வந்தான், பையன். ஆண் பெயர் என்றால் 'ன்'தான் என்று ஆகிவிட்டது. எப்போதும் அப்படி இருந்ததா என்றால், இல்லை. கடையேழு வள்ளல்களில் பாரி, காரி, ஓரி, நள்ளி என்று நாலு பேருக்கு இகரத்தில்தான் பெயர் முடிகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாயகன் காளி. இன்றைக்கு ஒரு பையனுக்குக் காளி என்றோ நள்ளி என்றோ பெயர் வைத்தால் ஸ்கூலில் பொம்பளைப் பேரா என்று கேட்பார்கள். அதே சமயம் கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் ஆதன் என்று கீறியிருக்கிறது. 'ன்'னும் பழசுதான். பல முடிவுகளில் ஒன்றாக இருந்தது காலப்போக்கில் மற்றவற்றைத் தள்ளிவிட்டு மேலே வந்திருக்கிறது.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். 'ன்' ஒருமை. மரியாதை இல்லாத ஒருமை. அதற்கு மேலே 'ர்' இருக்கிறது. கம்பன் கம்பர், கபிலன் கபிலர், வள்ளுவன் வள்ளுவர். மேலே ஏற்ற வேண்டுமென்றால் 'ன்'னை 'ர்' ஆக்கலாம், இன்னும் ஏற்ற 'ஆர்' சேர்க்கலாம். கவிஞனைச் செல்லமாக, உரிமையோடு கம்பன் என்றும், சபையில் கம்பர் என்றும் சொல்லிக்கொள்ளும் சுகம் இந்த எழுத்தால் வந்தது. ஆனால் இந்தப் படிக்கட்டில் யார் ஏறலாம் என்பதை ஊர்தான் முடிவு செய்தது. "யாரோ குப்பன் சுப்பன்" என்கிறோம். குப்பர் சுப்பர் என்று யாரும் சொன்னதில்லை.

குப்பன் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு துக்கம் உண்டு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, தவிட்டுக்கு வாங்கியதுபோலப் பாவனை செய்து, எமனுக்குப் பிடிக்காத பெயராகக் குப்பன், பிச்சை என்று வைப்பார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். உயிரைக் காப்பாற்ற வைத்த பெயர். அந்தப் பிள்ளை பிழைத்தான், வளர்ந்தான், தாத்தாவும் ஆனான். பெயர் மட்டும் கடைசிவரை பொடியன்கள்கூட வாடா போடா என்று கூப்பிடத் தோதாகக் குப்பனாகவே இருந்தது.

*

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில், நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டியை நேற்றுப் பிறந்த பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், பாட்டி அந்தப் பொடியன்களை 'அய்யா' என்பதும் வரும். அந்த இடத்தைப் படித்தவர்களுக்கு ஒன்று புரியும். பெயர் அழகாக இருக்கிறதா, அர்த்தமுள்ளதா, தூய தமிழா என்பதெல்லாம் அடுத்த கவலை. முதல் கவலை, யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்பது.

2000இல் வந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆடு மேய்க்கும் சக்கிலியப் பையன் கூளையன். அவன் வேலை செய்யும் பண்ணயக்காரர் வீட்டுப் பையன் செல்வன். இரண்டும் 'ன்'தான். இலக்கணத்தில் இருவரும் சமம். ஆனால் ஒருவன் பெயர் அவன் குள்ளமான உடம்பைச் சொல்கிறது, இன்னொருவன் பெயர் அவன் வீட்டுச் சொத்தைச் சொல்கிறது. கூளையனின் கூட்டாளிகள் நெடும்பன், வவுறி, செவிடி. ஒருத்தனுக்கு உயரம், ஒருத்திக்கு வயிறு, ஒருத்திக்குக் காது. பெயர் வைப்பதற்கு யாரும் உட்கார்ந்து யோசிக்காத பிள்ளைகள். அந்த நாவலில் பெயர்களின் பட்டியலை மட்டும் எடுத்து வைத்தாலே கதையில் பாதி வந்துவிடும்.

இதை மாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டு வேலை செய்த ஓர் இயக்கம் நம் ஊரில் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் அளவுக்கு அது வென்றது. அடுத்த படியாகப் பெயரின் உள்ளேயே கைவைத்தார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். சாமியும் ஐயாவும் இருந்த இடத்தில் அன்பும் அழகும் செழிப்பும் வந்து உட்கார்ந்தன. எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று காட்டிக்கொடுக்காத பெயர்கள். ஆனால் கவனியுங்கள், அவர்கள் மாற்றியது பகுதியை. விகுதியில் பெரும்பாலும் கைவைக்கவில்லை. மதியழகன், தமிழ்ச்செல்வன், அறிவழகன் எல்லாமே 'ன்'. கூளையனையும் செல்வனையும் பார்த்தால் அது நியாயமான முடிவுதான், கோளாறு பகுதியில்தானே இருந்தது. ஆனால் 'கருக்கு' பாட்டியைப் பார்த்தால் அது பாதி முடிவு என்றும் தோன்றுகிறது. எவ்வளவு செந்தமிழான பகுதி இருந்தாலும், "ஏ அறிவழகா" என்று திண்ணையிலிருந்து கூப்பிடும் வசதியை 'ன்' வைத்துக்கொண்டே இருந்தது.

'ஷ்' மீதிப் பாதியைச் செய்தது. இதுதான் நான் சொல்ல வருவது.

*

'ஷ்' எப்படி வந்தது என்பதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாம் அதைத் திட்டுவதே தப்பான விலாசத்தில். சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்கிறோம். சமஸ்கிருதப் பெயர்கள் தமிழுக்கு வருவதற்கு ஏற்கனவே ஒரு பாதை இருந்தது. கணேச என்பது கணேசன் ஆகும், நடேச நடேசன், வெங்கடேச வெங்கடேசன். விபீஷணன் கம்பனிடம் வீடணன் ஆனான். அந்தப் பாதையில் வந்திருந்தால் சுரேசன், ரமேசன் என்றுதான் ஆகியிருக்கும், சில வீடுகளில் ஆகியும் இருக்கிறது. இன்னொன்று: ஈச என்ற சொல்லில் இருப்பது சமஸ்கிருதத்தின் மூன்று சகரங்களில் 'ஶ'. நாம் எழுதுவது நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய 'ஷ'. பண்டிதர்கள் பார்த்தால் அவர்களுக்கும் இது எழுத்துப் பிழைதான்.

ஆக, பாதை வேறு. இந்தி பேசுபவர்கள் சொல்லின் கடைசி அகரத்தை விழுங்கிவிடுவார்கள். ராம ராம் ஆகும், அசோக அசோக் ஆகும், கணேச கணேஷ் ஆகும். அது இங்கிலீஷ் எழுத்தில் 'எஸ்-ஹெச்' போட்டுப் பள்ளிக்கூட ரிஜிஸ்டருக்கும், ஆபீஸ் பெயர்ப் பலகைக்கும், சினிமாப் பெட்டிக்கும் வந்தது. அங்கிருந்து அதை நாம் 'ஷ்' என்று திரும்பத் தமிழில் எழுதிக்கொண்டோம். அதாவது இது வேதத்திலிருந்து வந்த எழுத்து இல்லை. ரயிலில் வந்த எழுத்து. டைப்ரைட்டரில் வந்த எழுத்து.

இதை முதலில் மோப்பம் பிடித்தது தீவிர இலக்கியம் அல்ல, வாரப் பத்திரிகைத் தொடர்கதை. 1950களின் இரண்டு பெரிய கதாநாயக நடிகர்கள் கணேசன்கள், சிவாஜியும் ஜெமினியும். 1960களின் கடைசியில் சுஜாதா 'நைலான் கயிறு' எழுதியபோது அவருடைய வக்கீல் கணேஷ். அதே பிள்ளையார்தான், ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் கணேசன் என்றால் உடனே ஊர், அப்பா, சித்தப்பா எல்லாம் பின்னாலேயே வந்துவிடுவார்கள். கணேஷ் தனியாக வருவான். பிறகு அவனோடு சேர்ந்த உதவியாளன் வசந்தன் இல்லை, வசந்த். ராஜேஷ்குமாருக்கு விவேக், பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத். நன்னூல் அனுமதிக்காத எழுத்தில் முடியும் துப்பறிவாளர்கள். சுபாவின் நரேந்திரன் மட்டும் 'ன்'னோடு நின்றார். துப்பறியும் கதைக்கு வேண்டியது எந்த வீட்டுக்குள்ளும் நுழையக்கூடிய, எந்தத் தெருவையும் சேராத ஒரு ஆள். 'ஷ்', 'த்', 'க்' அந்த ஆளைக் கொடுத்தன. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று வாசகர் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மாத நாவலைப் படித்த அம்மாக்களும் அப்பாக்களும், தங்கள் பிள்ளைக்கும் அந்த வசதி வேண்டும் என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கணேஷ் என்ற பெயரை மேலே ஏற்ற முடியாது. கணேஷர் கிடையாது, கணேஷனார் கிடையாது. மரியாதை வேண்டுமென்றால் பின்னால் 'சார்' என்றோ 'அண்ணா' என்றோ தனியாகச் சேர்க்க வேண்டும். கீழே இறக்கவும் முடியாது. ஏற்கனவே இறக்கி வைத்திருக்கும் 'ன்' அங்கே இல்லை. சுடலை, மாடன், கருப்பன், மூக்கன் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொன்னதுமே ஊரில் தன் இடமும் சேர்ந்து சொல்லப்பட்ட ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. பையனை வெளியூர் இன்ஜினியரிங் காலேஜில் சேர்க்கிறார்கள். ஹாஸ்டலில் பெயர் கேட்கிறார்கள். "ரித்திஷ்." அதிலிருந்து எதையும் பிடிக்க முடியாது. அடுத்து "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. கேட்பவன் கேட்கும் சிரமத்தையாவது படட்டும்.

குழந்தை அழும்போது, வகுப்பில் சத்தம் வரும்போது நாம் சொல்வது "உஷ்". வாயை மூடு என்பதற்குத் தமிழில் இருக்கும் சத்தம் அதுதான். இந்தப் பெயர்களின் கடைசியில் எனக்குக் கேட்பதும் அந்தச் சத்தம்தான். பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்விக்குத் தயாராகும் வாயைப் பார்த்து, பெயரே சொல்லிவிடுகிறது.

*

இப்போது நம் பக்கம்.

நம் வட்டாரத்தில் பிள்ளைகளின் பெயர் ஆதன், பாரி, கபிலன், இனியன், நிலன், அகரன். கேட்கவே குளிர்ச்சியான பெயர்கள்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு ரித்திஷைக் கிண்டல் பண்ணும்போது அதில் மொழிப்பற்று எவ்வளவு, வேறு ஏதோ எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மீம்களில் 'ஷ்' பெயர் வரும்போது கூடவே என்ன வருகிறது? புள்ளிங்கோ தலைமுடி, டியோ வண்டி, மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ், "பேர்லயே தெரியுது ஏரியா". எந்த ஏரியாவும் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு குடும்பம் தேடிக் கண்டுபிடித்த எழுத்தையே ஏரியாவின் அடையாளமாக நாம் மாற்றிவிட்டோம். அவர்கள் வாசலை மாற்றினால் நாம் மோப்பத்தை மாற்றிக்கொள்கிறோம்.

சங்கப் பெயருக்குத் திரும்பிப் போவது எல்லாருக்கும் ஒரே தூரம் இல்லை. தாத்தா பெயரோடு எந்தக் காயமும் இல்லாத வீட்டில் 'ன்' அழகாகத் திரும்பி வரும், ஆதனாக, நிலனாக. தாத்தாவை ஊரே 'ன்' போட்டு வாடா என்ற வீட்டுக்கு அந்த எழுத்து அவ்வளவு இனிப்பாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அர்த்தமில்லாத பெயர் என்ற குற்றச்சாட்டையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். குழந்தைப் பெயர்ப் புத்தகங்களில் 'ஷ்' பெயர்களுக்கு எதிரே போட்டிருக்கும் பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: வெற்றியாளன், ஒளி மிக்கவன், கடவுளின் பரிசு. பாதி கட்டிவிட்டவை என்று பார்த்தாலே தெரியும். ஆனால் குப்பனுக்கு அர்த்தம் இருந்தது. கூளையனுக்கு அர்த்தம் இருந்தது, ரொம்பத் துல்லியமான அர்த்தம். அர்த்தமுள்ள பெயர்களால் பட்டது போதும் என்று நினைக்கும் ஒருவருக்கு, ஒன்றும் சொல்லாத பெயர் ஒரு ஓய்வு.

தீவிர இலக்கியத்தின் மீது எனக்கு இருக்கும் குறையும் இங்கேதான். பாண்டியன், அழகிரி, காளி, சந்திரசேகரன் என்று மறக்க முடியாத ஆண்கள் நம் நாவல்களில் இருக்கிறார்கள். நான் படித்தவரை, ஒரு ரித்திஷ் நாயகனாக வந்த நல்ல நாவல் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. வந்தால் அப்பார்ட்மென்ட் கதையில் டேப்லெட்டைப் பிடுங்கினால் அழும் பிள்ளையாக வருகிறான், ஒரு பத்தியில், ஒரு கிண்டலுக்காக. இத்தனைக்கும் அவன் வகுப்பறை முழுக்க இருக்கிறான். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா கார்மென்ட்ஸ் போகிறார், அவனுக்கு முதல் காதல் வந்துவிட்டது. அவன் பெயரை நேராக எழுத எழுத்தாளருக்குக் கூச்சமாக இருக்கிறது. செல்வம் என்றோ முருகன் என்றோ மாற்றிவிடுகிறார். மாற்றும்போது அவன் அம்மா அப்பா எடுத்த முடிவும் கதையிலிருந்து போய்விடுகிறது.

*

'ஷ்' ஜெயித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் எல்லையும் தெரிகிறது.

பெயரில் 'ன்' போனால் வினையில் அது திரும்ப வந்துவிடுகிறது. "ரித்திஷ் வந்தான்", "ரித்திஷ் வந்தார்" என்று சொல்லித்தான் ஆக வேண்டும், தமிழ் அந்த இடத்தில் யாரையும் விடாது. பெயர் மூடிய கதவை வந்தானும் வந்தாரும் திறந்துவிடும். ஸ்கூல் அப்ளிகேஷனில் பெயருக்கு நாலு கட்டம் தள்ளிச் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கத்தான் செய்கிறது. "உஷ்" என்று சொன்னால் சத்தம் நிற்கும், விஷயம் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்ச் செய்யுளில் மோனை, எதுகை இரண்டும் முன்னால் நிற்பவை. சொல்லின் தொடக்கத்தில் ஒத்துப்போவதுதான் நம் காதுக்குப் பழக்கம். கடைசி ஒத்துப்போவதற்கு இயைபு என்று பெயர், அதற்கு அவ்வளவு மவுசு கிடையாது. 'ஷ்' பெயர்கள் முழுக்க இயைபு. ரித்திஷ் தம்பி ஜித்திஷ், ஹரிஷ் தம்பி கிரிஷ். தனியாகக் கேட்டால் அபூர்வமான பெயர். முப்பது பேரை வரிசையாக வாசித்தால் ஒரே பாட்டு. தனித்துத் தெரிய வேண்டும் என்று கிளம்பிய பெயர்கள் கூட்டத்தில் போய் மறைந்துகொண்டன. ஆனால் மறைந்துகொள்வதுதான் தேவையாக இருந்தது என்றால் அதுவும் தோல்வி இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த 'ஷ்' பெயர் ஒன்று இருக்கிறது: முகிலேஷ். கவினேஷ் என்றும் கேட்டிருக்கிறேன். எந்த அகராதியிலும் நிற்காத பெயர்கள். முகில் தமிழ், ஏஷ் அந்த ரயிலில் வந்த ஈசன். முகிலுக்கு ஈசன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம், ஆனால் வைத்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு 'ஏஷ்' என்பது பையன் என்று காட்டும் ஒரு வால். அவ்வளவுதான். ஈசன் உள்ளேயிருந்து கரைந்து போய்விட்டார், விகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. தமிழுக்குப் புதிதாக ஓர் ஆண்பால் விகுதி கிடைத்திருக்கிறது, ஒருமைக் குத்தல் இல்லாமல். எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து செய்ததில்லை இது. பகுதியை அன்பழகன் தலைமுறையிடமிருந்து எடுத்துக்கொண்டு, விகுதியைக் கணேஷ் தலைமுறையிடமிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் பாதி பாதி செய்த வேலையை ஒரே பெயரில் ஒட்ட வைத்திருக்கிறார்கள். தனித்தமிழ்க்காரருக்கும் பிடிக்காது, சமஸ்கிருதக்காரருக்கும் பிடிக்காது. நாலு எழுத்தில் இதைவிட நெருக்கமாக நூறு வருஷத் தமிழ்நாட்டை யாராவது எழுதியிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

இன்னும் அறுபது எழுபது வருஷத்தில் இந்தப் பையன்கள் தாத்தாக்கள் ஆவார்கள். டீக்கடை பெஞ்சில் ரித்திஷ் தாத்தாவும் முகிலேஷ் தாத்தாவும் உட்கார்ந்து, பேரன்களுக்கு இந்தக் காலத்தில் என்ன பெயரெல்லாம் வைக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வார்கள். அதற்குள் அந்த எழுத்தில் எதையோ மறைத்தார்கள் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. சுரேஷ் மாதிரி, நாகேஷ் மாதிரி, வெறும் பழைய பெயராக ஆகியிருக்கும். தெருவில் போகிற யாராவது "என்ன ரித்தீசு, சாப்ட்டாச்சா?" என்று கேட்பார்கள்.